பரணிலிருந்து இறங்கிய பாட்டுப்பெட்டி

"கிலோ என்ன விலைக்கு எடுப்பாய்?" என்று நான் கேட்டேன். பங்கார்வாலா அந்த இரும்புப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தான். கீழே தட்டிப் பார்த்தான். "டிரான்ஸ்பார்மரில் தாமிரம் இருக்கிறது சாஹேப், மொத்தமாக முன்னூறு தருகிறேன்" என்றான். அறுபது ஆண்டுப் பழைய சாமானுக்கு முன்னூறு ரூபாய் கிடைத்தால் லாபம்தானே என்று தலையாட்டப் போனேன். உள்ளேயிருந்து அம்மா வந்து வாசற்படியில் நின்றாள்.

"அது உங்கப்பா கையால பண்ணினது. அது விலைக்கு இல்லை."

எங்கள் தாபோடி வீட்டுக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்று தீர்மானமாகி, சாமான்களை ஒழித்துக் கொண்டிருந்த சமயம் அது. இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பங்கார்வாலா பழைய பேப்பரையும் இரும்புக் கட்டிலையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனான். பெட்டி என் தலையில் விழுந்தது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நம் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள நினைக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று கிடக்கக்கூடும்.

அப்பாவின் ஐந்து வால்வு

அப்பா 1961இல் பூனாவுக்கு வந்தவர். கட்கி ராணுவத் தொழிற்சாலையில் வேலை. தாபோடியில் ஹாரிஸ் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒண்டுக் குடித்தனம். அந்தக் காலத்தில் வானொலிப் பெட்டி என்பது பெரிய சொத்து. அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். எங்கள் வரிசையில் ஒரே ஒரு வீட்டில் மர்பி ரேடியோ இருந்தது. மாலையில் சிற்றலையில் இலங்கை வானொலி கிடைத்துவிட்டால் அந்த வீட்டுத் திண்ணையில் இடம் கிடைக்காது. மயில்வாகனனின் குரலைக் கேட்பதற்காகவே சமையலைச் சீக்கிரம் முடித்த மாமிகள் உண்டு என்று அம்மா சொல்வாள்.

அப்பாவுக்கு ரேடியோவைவிட இசைத்தட்டில்தான் மோகம். தட்டு வாங்கப் பணம் இருந்தது, ரேடியோகிராம் வாங்கப் பணம் இல்லை. ஆகவே தாமே செய்துகொள்வதென்று இறங்கினார். 1954இல் இங்கிலாந்தின் முல்லார்ட் நிறுவனம் வீட்டில் செய்துகொள்ளத் தக்க ஓர் ஆம்ப்ளிஃபையரின் வரைபடத்தை வெளியிட்டது. ஐந்து வால்வு, பத்து வாட். அதனால் அதன் பெயரே 'ஐந்து-பத்து'. உலகம் முழுவதும் கைவேலைக்காரர்கள் அதைப் பார்த்துச் செய்தார்கள். யாரோ ஒரு நண்பர் கையால் நகலெடுத்துக் கொடுத்த அந்த வரைபடத்தைக் கொண்டு, 1967இல் நான்கு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அப்பா அதைச் செய்து முடித்தார்.

வால்வுக்கு அவர் சீமைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. 1954இல் பெங்களூரில் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், பிலிப்ஸின் ஒத்துழைப்போடு 1961 முதல் ரேடியோ வால்வுகளை இங்கேயே தயாரிக்க ஆரம்பித்திருந்தது. மற்ற சில்லறைச் சாமான்கள் புதவார் பேட்டையிலும் பம்பாய் லாமிங்டன் ரோட்டிலும் வாங்கியவை. அலுமினியத் தகட்டை மடித்தது, துளை போட்டது எல்லாம் அவரே.

சுமார் இருபது ஆண்டுகள் அது பாடியது. ஆடி மாதம் அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றும் நாளில்கூட ஒருமுறை இரவல் போய் வந்தது. 1986இல் நான் சம்பாதித்து ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கி வந்தேன். பெட்டி பரணுக்கு ஏறியது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. 2011இல் காலமாகும் வரை அதைப் பற்றி அவர் பேசவும் இல்லை, நானும் கேட்கவில்லை.

கண்ணாடிக்குள் என்ன இருக்கிறது?

இளைய வாசகர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வால்வு என்பது காற்றை வெளியேற்றி மூடிய கண்ணாடிக் குழல். உள்ளே ஒரு சின்ன இழை சூடாகிறது. அதைச் சுற்றியுள்ள கேதோடு சூடேறியதும் எலெக்ட்ரான்கள் அதிலிருந்து கிளம்புகின்றன. எதிரே ஆனோடு என்ற தகடு. அதில் 300 வோல்ட் நேர்மின்னழுத்தம் கொடுத்தால் எலெக்ட்ரான்கள் அதை நோக்கி ஓடுகின்றன. நடுவே ஒரு கம்பி வலை, அதற்கு கிரிட் என்று பெயர். அதில் சிறு மின்னழுத்த மாறுதல் ஏற்பட்டாலும் ஓட்டம் பெரிதாகக் கூடும், குறையும். வாய்க்காலில் மதகுப் பலகையை விரற்கடை ஏற்றி இறக்கினால் தண்ணீர் எவ்வளவு மாறுகிறதோ அப்படி. வால்வு என்றாலே மதகுதானே!

1904இல் பிளெமிங் என்ற ஆங்கிலேயர் வலை இல்லாத வால்வைச் செய்தார். 1906இல் அமெரிக்கர் லீ டி பாரஸ்ட் நடுவே அந்த வலையை நுழைத்தார். அதன் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வானொலி, பேசும் படம், மேடை ஒலிபெருக்கி எல்லாம் அதன் தயவில்தான் நடந்தன. 1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்ததும் வால்வுக்கு இறங்குமுகம்.

அப்பாவின் பெட்டியில் முதல் வால்வு இ.எஃப்.86, அடுத்தது இ.சி.சி.83, கடைசியில் இரண்டு இ.எல்.84, மின்சாரத்தை ஒருதிசையாக்க ஒரு இ.இசட்.81. பார்த்தால் மந்திர எழுத்துப் போல இருக்கும். உண்மையில் எளிய இலக்கணம்தான். முதல் எழுத்து 'இ' என்றால் இழைக்கு 6.3 வோல்ட். 'சி' என்றால் டிரையோடு, இரண்டு 'சி' வந்தால் ஒரே குப்பிக்குள் இரண்டு. 'எல்' என்றால் ஒலிபெருக்கியை ஓட்டும் வலுவுள்ள வால்வு. எண்ணின் முதலில் 8 வந்தால் ஒன்பது கால் உள்ள சின்ன அடிப்பாகம். இதைத் தெரிந்துகொண்ட அன்று, அப்பா ஏன் அந்தப் பெயர்களைப் பேரப்பிள்ளைகள் பெயர்போலச் சரளமாகச் சொல்வார் என்பது எனக்குப் புரிந்தது.

காகாவும் குண்டு பல்பும்

இதைச் சரிசெய்ய ஆள் எங்கே? டாப்கீர் கல்லியில் நாலு கடை ஏறி இறங்கினேன். "வால்வா? எங்கள் அப்பா காலத்தில் விற்றோம்" என்றார் ஒருவர். கடைசியில் ஒரு காகா அகப்பட்டார். தாபோடி எஸ்.டி. பட்டறையில் மின்சாரப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். வயது எண்பதை நெருங்குகிறது. பட்டறை வேலை போக மாலையில் ரேடியோ ரிப்பேர் செய்து இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர்.

பெட்டியைப் பார்த்ததும் நான் பிளக்கை எடுத்தேன். காகா என் கையைப் பிடித்துவிட்டார். "முப்பத்தெட்டு வருஷம் தூங்கினவனை இப்படியா எழுப்புவது, பாளா?" என்றார்.

பழைய பெட்டியை நேரே மின்சாரத்தில் செருகுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. உள்ளே இருக்கும் எலெக்ட்ரோலிடிக் மின்தேக்கிகள் ஆண்டுக்கணக்கில் கிடந்து உலர்ந்துபோயிருக்கும். திடீரென்று 300 வோல்ட் ஏறினால் ஷார்ட் ஆகும், சமயத்தில் வெடிக்கும். கூடவே டிரான்ஸ்பார்மரும் எரியும். வால்வு புதிது கிடைக்கும், டிரான்ஸ்பார்மர் கிடைக்காது.

காகாவிடம் ஒரு மரப்பலகை. அதில் ஒரு ஹோல்டர், நூறு வாட் குண்டு பல்பு. பெட்டிக்குப் போகும் மின்சாரம் அந்தப் பல்பு வழியாகத்தான் போக வேண்டும். இதுதான் சீரிஸ் பல்பு. உள்ளே கோளாறு இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து மின்சாரத்தைத் தானே தாங்கிக்கொள்ளும், பெட்டி பிழைக்கும். கோளாறு இல்லையென்றால் மங்கலாக எரியும். இதற்கு எல்.இ.டி. பல்பு உதவாது. அதனால் காகா பழைய குண்டு பல்புகளை ஒரு டஜன் வாங்கிப் பத்திரப்படுத்தியிருக்கிறார்!

வால்வுகளைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் சோதித்தார். மின்தடைகளில் பல கூடிப்போயிருந்தன. ஒரு லட்சம் ஓம் என்று நிறக்கோடு போட்டிருந்தது ஒரு லட்சத்து நாற்பதாயிரம் காட்டியது. காகித மின்தேக்கிகள் எல்லாம் கசிந்தன. ஒரு வால்வுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருக்கும் மின்தேக்கி கசிந்தால், கடைசி வால்வின் வலைக்கு நேர்மின்னழுத்தம் போய், மதகு முழுக்கத் திறந்த கதையாகிவிடும். ஆனோடு செக்கச்செவேலென்று பழுத்து வால்வு மாண்டுபோகும். "மூன்று ரூபாய்ச் சாமான் மூவாயிரத்தைத் தின்னும்" என்றார் காகா. எல்லாவற்றையும் மாற்றினோம். பெரிய மின்தேக்கியின் அலுமினிய டப்பாவை மட்டும் அழகுக்காக மேலே விட்டுவிட்டு, புதியவற்றை அடியில் மறைத்து வைத்தோம். இரண்டு கம்பிப் பழைய வயரைப் பிடுங்கி எறிந்து, எர்த்தோடு மூன்று கம்பி போட்டோம்.

இரண்டு சோதனை

இடையில் நான் ஓர் அடி வாங்கினேன். ஸ்விட்சை அணைத்துப் பிளக்கையும் எடுத்தாயிற்று, இனி என்ன பயம் என்று அடியில் கை வைத்தேன். முழங்கை வரை சுத்தியால் அடித்தது போல இருந்தது, ஸ்டூலோடு பின்னால் சாய்ந்தேன். கடைசி வால்வுகளைக் கழற்றி வைத்திருந்தபடியால் மின்தேக்கியில் ஏறிய 300 வோல்ட் வடிய வழியில்லாமல் அப்படியே நின்றிருக்கிறது. காகா கோபித்துக்கொண்டார். அன்று முதல் இரண்டு சட்டம். பிளக்கை எடுத்த பிறகும் ஒரு மின்தடையால் மின்தேக்கியை வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே தொட வேண்டும். சோதிக்கும்போது ஒரு கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு கையும் உள்ளே இருந்தால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும். "ஹாத் கிஷாத் டேவ்!" என்று அவர் அதட்டுவது இன்னும் காதில் இருக்கிறது. இதைப் படித்து யாராவது பெட்டியைத் திறப்பதானால் இந்த ஒரு பத்தியை மறக்க வேண்டாம். அனுபவமில்லாதவர்கள் தனியாகத் திறக்கவே வேண்டாம்.

அடுத்த சோதனை இதைவிடப் பெரிது. வால்வு கொடுப்பது அதிக வோல்ட், குறைந்த மின்னோட்டம். ஒலிபெருக்கிக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு. இரண்டுக்கும் நடுவே சம்பந்தம் பேசும் புரோக்கர்தான் அவுட்புட் டிரான்ஸ்பார்மர். மயிரிழைத் தாமிரக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிச் செய்வது. பாட்டின் தரம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. காகா மீட்டரை வைத்தார். ஒரு பாதி சில நூறு ஓம் காட்டியது. மறு பாதியில் முள் அசையவே இல்லை.

"கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. நடுவே அறுந்திருந்தால் இது முடிந்தது" என்றார்.

வேறு டிரான்ஸ்பார்மர் போட்டால் பெட்டி பாடும். ஆனால் அப்பாவின் பெட்டியாக இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்துக் காகா கூப்பிட்டனுப்பினார். மேலே சுற்றியிருந்த எண்ணெய்க் காகிதத்தைத் தவணை தவணையாகச் சூடுகாட்டி உரித்திருக்கிறார். கம்பி வெளியே வந்து சேரும் முனையில் பச்சைக் களிம்பு ஏறி, அங்கேதான் அறுந்திருந்தது. தாபோடி மழையின் கைங்கரியம்! உள்ளே கால் அங்குலம் நல்ல கம்பி தெரிந்தது. அதன் மேற்பூச்சைப் பிளேடால் சுரண்டி, புதுக் கம்பி வைத்துப் பற்றவைத்தார். அவர் கை நடுங்கும். ஆனால் பற்றவைக்கும் அந்த அரை நிமிடம் நடுங்கவில்லை. மீட்டரில் இரண்டு பாதியும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன.

காகா கூலி வாங்க மறுத்துவிட்டார். வீட்டிலிருந்து தேன்குழலும் வடகமும் போயின.

வால்வு உசத்தியா, டிரான்சிஸ்டர் உசத்தியா?

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். கருவியை வைத்து அளந்தால் இன்றைய சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரே ஜெயிக்கும். மின்சாரச் செலவிலும் அதுதான் சிக்கனம். எங்கள் பெட்டி ஐம்பது அறுபது வாட் இழுத்துக்கொண்டு பத்து வாட் ஒலி தருகிறது, மீதி எல்லாம் சூடு. கடந்த கோடையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் வியர்த்தது.

இருந்தாலும் கேட்பவர்கள் ஏன் அதைத் தேடிப் போகிறார்கள்? சங்கீதம் தெரிந்தவர்களுக்கு எளிதில் புரியும். எந்த ஆம்ப்ளிஃபையரும் மூல ஒலியோடு அதன் மடங்குகளைக் கொஞ்சம் கலந்துவிடும். இரண்டாவது மடங்கு என்பது மேல் ஸட்ஜம். மூன்றாவது மடங்கு மேல் ஸ்தாயிப் பஞ்சமம். இவை தம்புராவிலேயே கேட்பவைதான், காதை உறுத்தாது. ஏழாவது மடங்கு போன்றவை நம் ஸ்வரங்களில் சரியாக உட்காராதவை, கொஞ்சம் இருந்தாலும் கரகரக்கும். ஒற்றை வால்வால் ஓட்டும் ஆம்ப்ளிஃபையரில் இரண்டாவது மடங்கு தூக்கலாக இருக்கும். எங்கள் பெட்டியில் இருப்பது போல இரண்டு வால்வுகள் எதிரெதிராக வேலை செய்தால் அதுவும் பெரும்பாலும் கழிந்துபோகும். மேலும், டிரான்சிஸ்டர் சக்திக்கு மீறினால் ஒலியின் உச்சியைக் கத்தரித்தாற்போல வெட்டும். இத்தகைய வால்வுக் கருவிகள் பொதுவாக அதைக் கொஞ்சம் வளைத்தே வெட்டும். மிச்சம் இருப்பது மனசு. இருட்டில் செம்மஞ்சளாக ஒளிரும் ஐந்து திரிகள் முன்னால் உட்கார்ந்தால் பாட்டைப் பாதியில் நிறுத்தி எழுந்துபோகத் தோன்றுவதில்லை. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இது ஏதோ கிழவர்களின் ஆசை மட்டுமல்ல. நம் புனேயைச் சேர்ந்த கேடன்ஸ் நிறுவனம் வால்வு ஆம்ப்ளிஃபையர்களைச் செய்து வெளிநாட்டுக்கும் அனுப்பியிருக்கிறது. டில்லியில் லிரிட்டா என்ற நிறுவனம் கையாலேயே செய்து பெயர் வாங்கியிருக்கிறது. வால்வுகளும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் புதிதாகத் தயாராகின்றன. பெங்களூரில் செய்த பழைய வால்வுகள் அட்டைப்பெட்டி பிரியாமல் சில சமயம் ஜூனா பஜாரில் ஞாயிறு, புதன் சந்தையில் தென்படும். அட்டை புதிதாக இருப்பதாலேயே வால்வு நல்லதென்று நம்பிவிடக் கூடாது. சோதித்துத் தருபவரிடம் வாங்குவதே நல்லது.

முதல் பாட்டு

காகா முதலில் பழைய மலிவு ஸ்பீக்கர் ஒன்றை மாட்டி, என் பேரனின் கைபேசியிலிருந்து ஒரு வயர் இழுத்துச் சோதித்தார். நல்ல ஸ்பீக்கரை எடுத்த எடுப்பில் பணயம் வைக்கக் கூடாதாம். ஸ்பீக்கர் மாட்டாமல் இந்தப் பெட்டியைப் பாடவைக்கவும் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கெட்டுவிடும்.

வீட்டுக்கு வந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். தேக்குப் பெட்டியில் இருந்த அப்பாவின் எட்டு அங்குல ஸ்பீக்கர் நல்லபடியாகவே இருந்தது. பழைய ரிக்கார்டு பிளேயர்தான் பிழைக்கவில்லை, ரப்பர்ச் சக்கரம் கல்லாகிவிட்டது. என் மகன் புதிதாக ஒன்று வாங்கி வந்திருந்தான். எந்தத் தட்டு என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எம்.எஸ். அம்மாவின் வேங்கடேச சுப்ரபாதம். சாயங்காலத்தில் சுப்ரபாதமா என்று யாரும் கேட்கவில்லை.

ஸ்விட்சைப் போட்டால் உடனே பாடாது. அரை நிமிடம் ஆகும். ஒவ்வொரு திரியாகச் சிவந்தது. பேரன் "கெட்டுப்போச்சா தாத்தா?" என்றான். பிறகு ஊசியின் சரசரப்பு, அதன் பின்னால் குரல். அந்த அறையில் யாரோ வந்து நின்றாற்போல இருந்தது. நான் அம்மாவைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. அப்பா அந்தக் குமிழைத் திருப்பும் இடம் எனக்கு நினைவிருந்தது. அதே இடத்துக்குத் திருப்பினேன்.

"சத்தத்தைக் குறைடா, பக்கத்து வீட்டுல குழந்தை தூங்கறது" என்றாள் அம்மா. இருபது வருஷம் அப்பாவிடம் அவள் சொன்ன அதே வார்த்தை. பக்கத்து வீட்டில் இப்போது குழந்தை எதுவும் இல்லை.

குறைத்தேன். தட்டு முடியும் வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

1986இல் அந்தப் பெட்டியைப் பரணில் ஏற்றியவன் நான்தான். அப்பா இருக்கும்போதே இறக்கியிருந்தால் காகாவையும் கூலியையும் தேட வேண்டியிருந்திருக்காது. இந்த வரைபடத்தை அவர் விரல் வைத்துக் காட்டக் கேட்டிருக்கலாம். அது போயிற்று. ஆகவே அன்பர்களே, உங்கள் வீட்டில் கட்டடம் இடிக்கும் நாள் வரும்போது, பங்கார்வாலாவைக் கூப்பிடுமுன் வீட்டுப் பெரியவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள். பெட்டியை மின்சாரத்தில் மட்டும் செருகிவிடாதீர்கள். தாபோடிப் பக்கம் வந்தால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். காபி ஆறுவதற்குள் வால்வு சூடேறிவிடும்.